மூடிய கண்ணிலும் மருந்து இறங்கும்

மருந்துச் சீட்டில் அது ஒரே வரிதான்: ஒரு சொட்டு, நாளுக்கு நான்கு வேளை. அந்த ஒரு வரி வீட்டில் படுத்தும் பாடு மூன்று வயதுக் குழந்தையை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். அப்பா காலைப் பிடிக்கிறார், பாட்டி தலையைப் பிடிக்கிறார், அம்மா இமையைப் பிரிக்கப் பார்க்கிறார். குழந்தை வீறிட்டு அழுகிறது. கடைசியில் சொட்டு விழுந்தது கண்ணிலா கன்னத்திலா என்று யாருக்கும் தெரிவதில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொன்று விடுகிறார்கள். சில மணி நேரத்தில் அடுத்த வேளை வந்துவிடுகிறது.

இந்தப் போராட்டத்தில் பெரும்பகுதி தேவையே இல்லை. குழந்தை கண்ணை இறுக மூடிக்கொண்டிருக்கும்போதே மருந்தை உள்ளே சேர்த்துவிடலாம். கண் மருத்துவமனைகளில் அனுபவமுள்ள செவிலியர்கள் பலருக்கும் இந்த வழி தெரியும். ஆனால் மருந்துக்கடையிலிருந்து குப்பியோடு வீட்டுக்குப் போகும் பெற்றோரிடம் இதை யாரும் சொல்வதில்லை. ஏன் இப்படிச் செய்யலாம் என்பதையும் சேர்த்தே தெரிந்துகொள்வது நல்லது. காரணம் புரிந்தவர் கை நடுங்காது.

குழந்தை அடம்பிடிக்கிறது என்கிறோம். முதலில் மறுப்பது குழந்தையின் மனம் அல்ல, கண். கார்னியா என்னும் கருவிழிப் படலத்தில் உணர்ச்சி நரம்பு முனைகள் அவ்வளவு நெருக்கமாகப் பரவியிருக்கின்றன. தோலோடு ஒப்பிட்டால் பல நூறு மடங்கு அதிகம். அதன்மேல் எது பட்டாலும் ஐந்தாம் கபால நரம்பு வழியாகச் செய்தி மூளைத்தண்டுக்குப் போகிறது. அங்கிருந்து ஏழாம் நரம்பு வழியாக வரும் கட்டளை இமையை மூடிவிடுகிறது. இதற்கு ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம்கூட ஆவதில்லை. குழந்தை யோசித்து எடுக்கும் முடிவு இதில் எதுவும் இல்லை. "கண்ணை மூடாதே" என்று அதட்டினால் இந்த நரம்புகளுக்குக் காது கேட்காது.

சொட்டு விழுவதற்கு முன்பே இன்னொரு எச்சரிக்கை மணி அடித்துவிடுகிறது. பார்வைக்குள் ஒரு பொருள் வேகமாகப் பெரிதாகிக்கொண்டே வந்தால், அது நம்மேல் மோத வருகிறது என்று மூளை எடுத்துக்கொள்கிறது. பிறந்த சில மாதங்களிலேயே குழந்தைகளுக்கு இந்தத் தற்காப்பு வந்துவிடும். முகத்துக்கு நேர் மேலே பிடித்த குப்பியின் முனை, குழந்தையின் கண்ணுக்குத் தெரிவது சரியாக அப்படித்தான். அது இறங்கி வரவர இமை இறுகுகிறது, தலை திரும்புகிறது, கை எழுகிறது.

குளிர் தனிக் கதை. கருவிழியில் குளிரை உணர்வதற்கென்றே நரம்பு முனைகள் உண்டு. கண்ணீர்ப் படலம் காய்ந்து லேசாகக் குளிர்வதைக் கண்டறிந்து, அதை நனைத்து வைக்கச் சொல்வது அவற்றின் அன்றாட வேலை. டி.ஆர்.பி.எம்.8 என்னும் புரதம் அவற்றில் குளிரை உணரும் கதவாக இருக்கிறது. 2002இல் அந்தப் புரதத்தின் வேலையைத் தனித்தனியே கண்டறிந்த டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூட்டியன் இருவரும் வெப்பம், தொடுகை பற்றிய ஆய்வுகளுக்காக 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். மிகச் சிறிய குளிர்ச்சியைக்கூடக் கவனிக்கும் அந்த முனைகள்மேல் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த மருந்தை நேராக விட்டால் குழந்தை துள்ளத்தான் செய்யும். குப்பியை உள்ளங்கையில் மூடி இரண்டு நிமிடம் வைத்திருந்தால் இந்த ஒரு காரணமாவது இல்லாமல் போகும். குளோராம்ஃபெனிகால் போல ஃபிரிட்ஜில் வைக்க வேண்டிய மருந்துகளுக்கு இது மிகவும் அவசியம்.

பலவந்தமாக இமையைப் பிரித்தவர்கள் இன்னொன்றையும் பார்த்திருப்பார்கள். உள்ளே கருவிழியே தெரியாது, வெறும் வெள்ளைதான் தெரியும். இமையை மூட முயலும்போது விழி மேல்நோக்கிச் சுழல்கிறது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மருத்துவர் சார்லஸ் பெல் 1823இல் இதை விவரித்ததால் பெல் நிகழ்வு என்று பெயர். குழந்தைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துபோகும் பெற்றோர் உண்டு. பயப்பட ஒன்றுமில்லை. மென்மையான பகுதியை ஒளித்துவைக்கும் ஏற்பாடு அது. மருந்து கருவிழிமேல்தான் விழ வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. கீழிமைக்கும் விழிக்கும் இடையிலுள்ள மடிப்பில் எங்கே விழுந்தாலும் அது கண்ணீரோடு கலந்து கண் முழுக்கப் பரவும்.

அந்த மடிப்பில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பெரியவர்களின் கண்ணில் எந்த நேரமும் இருக்கும் கண்ணீர் ஏறக்குறைய 7 மைக்ரோலிட்டர். ஒரு மில்லிலிட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு ஒரு மைக்ரோலிட்டர். கண் சிமிட்டாமல் இருந்தால் அந்த மடிப்பு அதிகபட்சம் 30 மைக்ரோலிட்டர் அளவுக்குத் தாங்கும். ஒரு குப்பியிலிருந்து விழும் சொட்டோ பெரும்பாலும் 30 முதல் 50 மைக்ரோலிட்டர். ஆக, ஒரே சொட்டு விழுந்தாலே கண் நிரம்பி வழிகிறது. குழந்தையின் கண்ணில் இடம் இன்னும் குறைவு. இரண்டாவது சொட்டை உடனே விட்டால் அது கன்னத்தில் வழியும், அல்லது முதல் சொட்டையும் அடித்துக்கொண்டு போகும். இரண்டு வகை மருந்து எழுதிக் கொடுத்திருந்தால் நடுவில் 5 நிமிடமாவது இடைவெளி விடச் சொல்வது இதனால்தான்.

சரியாக விழுந்த சொட்டிலும் கண்ணின் உட்பகுதிக்குப் போய்ச் சேர்வது 5 சதவீதமோ அதைவிடக் குறைவோதான். மீதி கண்ணீரோடு வடிந்துவிடுகிறது. மருந்து தயாரிப்பவர்களும் மருத்துவர்களும் இந்த இழப்பைக் கணக்கில் வைத்துத்தான் அளவைத் தீர்மானித்திருக்கிறார்கள். அதனால் சொட்டில் பாதி வெளியே வழிந்துவிட்டது என்று பெற்றோர் மனம் கலங்க வேண்டியதில்லை.

அழுகை வந்துவிட்டால் கணக்கு மாறிவிடுகிறது. சாதாரண நேரத்தில் நிமிடத்துக்கு ஒரு மைக்ரோலிட்டர் அளவில் சுரக்கும் கண்ணீர், அழும்போது பன்மடங்காகப் பெருகி மருந்தைக் கழுவிவிடும். அழும் குழந்தை கண்ணை இறுக்கி இறுக்கித் திறப்பது அதைவிட மோசம். இமைகளின் மூக்கோர முனையில் மேலும் கீழுமாக ஊசிமுனை அளவில் இரண்டு துளைகள் உண்டு. அவற்றிலிருந்து போகும் நுண்குழாய்கள் கண்ணீர்ப் பைக்குள் சேர்ந்து, அங்கிருந்து மூக்குக்குள் இறங்குகின்றன. ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் இமைத் தசை இந்தப் பாதையை அழுத்தி விடுவித்துக் கண்ணீரை உறிஞ்சி மூக்குக்கு அனுப்புகிறது. கண்ணில் விட்ட மருந்து தொண்டையில் கசப்பது இந்த வழியாக வந்துதான். நான்கு பேர் பிடித்து, இமையைப் பிளந்து, குழந்தை கதறக் கதற விடும் சொட்டு கண்ணில் தங்கும் நேரம் மிகக் குறைவு. பலவந்தம் கொடுமையானது என்பது ஒருபுறம் இருக்கட்டும். மருந்தைச் சேர்க்கும் வழி என்று பார்த்தாலும் அது மட்டமானது.

இனி அந்த எளிய வழிக்கு வருவோம். குழந்தையைத் தலையணை இல்லாமல் மல்லாக்கப் படுக்கவையுங்கள். மோவாய் சற்று மேலே தூக்கியிருக்கட்டும். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். சொல்லாமலேயே மூடியிருக்கும். மூக்கை ஒட்டிய கண் முனையில், இமைகள் சந்திக்கும் இடத்தில், சின்னப் பள்ளம் ஒன்று தெரியும். அதில் ஒரு சொட்டு விடுங்கள். இமை மூடியிருப்பதால் குப்பி இறங்கி வருவது குழந்தைக்குத் தெரியாது, கருவிழி நரம்புகளில் எதுவும் படாது. பிறகு குழந்தை கண்ணைத் திறக்கும்போது அங்கே தேங்கியிருக்கும் மருந்து தானாக உள்ளே வழிந்துவிடும். திறக்க மறுத்தால் காத்திருங்கள், அல்லது கீழிமையை விரல் நுனியால் மெல்லக் கீழே இழுங்கள். மயிரிழை அளவு இடைவெளி கிடைத்தால் போதும். தலையை அந்தக் கண் பக்கமாகக் கொஞ்சம் சாய்த்தால் மருந்து கண்ணை நோக்கி ஓடும். அதற்குள் குழந்தை எழுந்து உட்கார்ந்து முழங்கையால் துடைத்துவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இது வெறும் கைப்பழக்கம் அல்ல, சோதித்துப் பார்க்கப்பட்ட வழி. கண்பாவையை விரிக்கும் மருந்தை வைத்துச் சோதிப்பது எளிது. மருந்து உள்ளே போயிருந்தால் பாவை விரியும், இல்லையென்றால் விரியாது, இடையில் ஊகத்துக்கு இடமில்லை. அடம்பிடிக்கும் குழந்தைகளுக்குச் சொட்டு விடுவது பற்றியே 1991இல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஆப்தால்மாலஜி இதழில் ஒரு சிறு கட்டுரை வந்தது. மூடிய இமைமேல் மருந்தைத் தூவிப் பார்த்த வேறு ஆய்வுகளிலும் பாவை விரிந்தது. திறந்த கண்ணில் நேராக விடுவதைவிட மருந்து கொஞ்சம் கூடுதலாக வீணாகலாம். ஆகவே கண்புரை அறுவை சிகிச்சை முடிந்த குழந்தை, கண் அழுத்த நோய்க்கு மருந்து எடுக்கும் குழந்தை என்றால் இந்த முறையில் விடுவதாக மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. கண் சிவப்புக்கும் பீளைக்கும் கொடுக்கும் வழக்கமான மருந்துகளுக்கு இந்த வழி தாராளமாகப் போதும்.

விடுவதற்கு முன்பு பீளையைத் துடைத்துவிடுங்கள். கொதிக்கவைத்து ஆறிய நீரில் நனைத்த சுத்தமான பஞ்சால், மூக்குப் பக்கமிருந்து வெளிப்பக்கமாக, ஒரு பஞ்சை ஒரே முறை. பீளை அடைத்த இமைமேல் விடும் சொட்டு அந்தப் பீளையோடு போய்விடும். குப்பியின் முனை இமை மயிரில்கூடப் படக்கூடாது. பட்டால் நோய்க்கிருமி குப்பிக்குள் குடிபோய்விடும். சில மருந்துகளில் அடியில் வெள்ளையாக மண்டி தங்கும். அவற்றைக் குலுக்காமல் விட்டால் குழந்தைக்கு வெறும் நீர்தான் கிடைக்கும்.

கைக்குழந்தைக்கு வேறு வழி இருக்கிறது: தூக்கம். தூங்கும்போது கண் முனையில் விட்டுவிட்டுக் கீழிமையை லேசாக இழுத்தால் பல குழந்தைகள் புரண்டுகூடப் படுப்பதில்லை. விழித்திருக்கும் குழந்தையைத் துணியில் கை சேர்த்துச் சுற்றிக்கொள்ளலாம். நம் பாட்டிமார் காலை நீட்டி உட்கார்ந்து குழந்தையைக் கால்மேல் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் முறை இதற்கும் பொருந்தும். தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, குழந்தையின் தலை தொடைகளுக்கு நடுவே தம் பக்கம் இருக்கும்படி படுக்கவைத்தால் ஒருவரே விட்டுவிடலாம். தலை நிலையாக நிற்கும், இரண்டு கைகளும் நமக்கு விடுதலையாக இருக்கும். அறை நிறைய ஆள் கூடுவதுதான் பாதிக் குழந்தைகளுக்குப் பீதியைக் கிளப்புகிறது.

மூக்கு வழியாக இறங்கும் மருந்தைப் பற்றி அக்கறையோடு ஒன்று சொல்ல வேண்டும். வாயால் விழுங்கும் மருந்து முதலில் கல்லீரலைக் கடந்தே உடலெங்கும் போகிறது. மூக்கின் உட்தோல் உறிஞ்சும் மருந்துக்கு அந்தச் சோதனைச்சாவடி இல்லை, நேராக ரத்தத்தில் கலக்கிறது. கண்ணாடி பவர் பார்ப்பதற்காகக் குழந்தைகளுக்கு விடும் அட்ரோபினை எடுத்துக்கொள்ளுங்கள். 1 சதவீத அட்ரோபின் என்றால் ஒரு மில்லிலிட்டரில் 10 மில்லிகிராம். 50 மைக்ரோலிட்டர் சொட்டு ஒன்றில் அரை மில்லிகிராம் இருக்கிறது. பெரியவர்களுக்கு ஊசியில் ஒரு தடவைக்கு ஏற்றும் அட்ரோபினும் ஏறக்குறைய அதே அளவுதான். அறுபது கிலோ ஆளுக்கான அந்த அளவு, பத்துக் கிலோ குழந்தையின் கண்ணில் ஒரு சொட்டாக விழுகிறது. சந்தேகத்துக்கு இன்னொன்று என்று விடும் பழக்கம் இங்கே ஆபத்து. முகம் சிவந்து, உடல் அனலாய்க் கொதித்து, வாய் உலர்ந்து, குழந்தை பிதற்றத் தொடங்கினால் மருந்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். மிகச் சிறிய குழந்தைகளுக்குச் சொட்டுக்குப் பதிலாக அட்ரோபின் ஆயின்மென்டாக எழுதித் தருவதற்கும் ஒரு காரணம் இதுதான். களிம்பு அவ்வளவு வேகமாக மூக்குக்கு வடியாது.

கண் அழுத்தத்துக்கான மருந்துகளிலும் இதே எச்சரிக்கை தேவை. டிமோலால் பச்சிளம் குழந்தையின் இதயத் துடிப்பையும் மூச்சையும் மந்தமாக்கக்கூடும். பிரிமோனிடின் இரண்டு வயதுக்குக் கீழ் கொடுக்கவே கூடாது. குழந்தை எழுப்ப முடியாத அளவுக்குத் துவண்டுபோகும், மூச்சும் குறையும். வீட்டில் தாத்தாவுக்கு வாங்கி வைத்த குப்பியும் பேரனுக்கு வாங்கிய குப்பியும் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும். தனித்தனி இடத்தில் வையுங்கள். விடுவதற்கு முன் பெயரை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். உடைந்த பொம்மையை ஒட்டும் பசைக் குப்பியைக் கண் மருந்தென்று எடுத்துக் கண்ணில் விட்ட சம்பவங்கள் பல நாடுகளில் மருத்துவப் பதிவாகியிருக்கின்றன.

மருந்து மூக்குக்கு இறங்கும் வடிகாலை அடைக்க எளிய உபாயம் உண்டு. சொட்டு விட்ட பிறகு மூக்கோரக் கண் முனையை விரலால் மெதுவாக அழுத்திப் பிடித்தால் துளைகள் மூடிக்கொள்ளும். 1984இல் பெரியவர்களிடம் செய்த ஆய்வு ஒன்றில், 5 நிமிடம் இப்படி அழுத்தியவர்களின் ரத்தத்தில் கலந்த டிமோலாலின் அளவு மூன்றில் இரண்டு பங்கு குறைந்திருந்தது. அதே ஆய்வில் விரலால் அழுத்தாமல், வெறுமனே 5 நிமிடம் இமையை மூடியிருந்தவர்களுக்கும் ஏறக்குறைய அதே பலன் கிடைத்தது. இமைக்காத கண்ணில் உறிஞ்சும் வேலை நின்றுவிடுகிறது, மருந்து கண்ணிலேயே தங்குகிறது. குழந்தை எதை விரும்புகிறதோ, அதாவது கண்ணை மூடிக்கொண்டிருப்பது, அதுவே மருந்துக்கும் நல்லது. ஒரு கதை சொல்லும் நேரம் கண்ணை மூடியிருக்கச் சொன்னால் போதும்.

பேச்சு பழகிய குழந்தையிடம் பொய் சொல்லக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். "ஒண்ணுமே பண்ணாது பாப்பா" என்று சொல்லிவிட்டு எரியும் மருந்தை விட்டால், அடுத்த வேளைக்கு நம் பேச்சு செல்லாது. கண்ணீரின் கார அமில நிலையிலிருந்து விலகியிருக்கும் மருந்துகள் எரியத்தான் செய்யும். பாவையை விரிக்கும் மருந்துகள் பலவும் அப்படிப்பட்டவை. "கொஞ்சம் எரியும், பத்து எண்ணுவதற்குள் போய்விடும், சேர்ந்து எண்ணலாம்" என்று சொல்வது உண்மை. வலிக்கு ஒரு முடிவு உண்டு என்று தெரிந்த குழந்தை தாங்கிக்கொள்கிறது. எந்தக் கண்ணில் முதலில் என்று அதனிடமே கேட்கலாம். விடலாமா வேண்டாமா என்று மட்டும் கேட்கக்கூடாது. வேண்டாம் என்று சொன்னால் கேட்பவரிடம் பதில் இருக்காது. பொம்மைக்கு வெறும் தண்ணீரில் சொட்டு விட்டு விளையாடிய குழந்தைக்குக் குப்பி அந்நியமாக இருப்பதில்லை. முதல் நாளே நால்வர் சேர்ந்து அமுக்கிப் பிடித்தால், இரண்டாம் நாள் குப்பியைப் பார்த்த மாத்திரத்தில் அழுகை தொடங்கிவிடும். அப்படிப் பதிந்த பயத்தைக் கலைக்க வாரக்கணக்கில் ஆகும்.

இவ்வளவு பாடுபட்டு விடும் மருந்து அவசியம்தானா என்று கேட்கும் உரிமையும் பெற்றோருக்கு உண்டு. 1918இல் சென்னை எழும்பூர் கண் மருத்துவமனையில் கவனிக்கப்பட்டதால் 'மெட்ராஸ் ஐ' என்று பெயர் பெற்ற கண்வலி பெரும்பாலும் வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக் சொட்டு வைரஸை ஒன்றும் செய்யாது. மருத்துவர் பார்த்து, பாக்டீரியாவும் சேர்ந்துவிடாமல் இருக்க எழுதித் தந்தால் அது வேறு. கடையில் கேட்டு வாங்கி விடுவதில் அர்த்தமில்லை. சுத்தமும் பொறுமையும் இருந்தால் ஓரிரு வாரத்தில் தானே சரியாகும். பிறந்த குழந்தைக்கு ஒரு கண்ணில் மட்டும் ஓயாமல் நீர் வடிந்தால், பெரும்பாலும் மூக்குக்குப் போகும் குழாய் இன்னும் திறக்கவில்லை என்று பொருள். கண்ணீர்ப் பையின்மேல் விரலால் அழுத்தி நீவிவிடக் கற்றுத் தருவார்கள். பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு ஒரு வயதுக்குள் சரியாகிவிடும். ஆனால் நீர் வடிவதோடு கருவிழி பெரிதாகவோ மங்கலாகவோ தெரிந்தாலும், வெளிச்சத்துக்குக் கண் கூசினாலும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அது பிறவிக் கண் அழுத்த நோயாக இருக்கலாம்.

தாய்ப்பால் பீய்ச்சுவது, பூச்சாறு பிழிவது, விளக்கெண்ணெய் விடுவது எல்லாம் அன்பினால் செய்வதே. ஆனாலும் கிருமி நீக்காத எதுவும் சிராய்ப்பு விழுந்த கருவிழியில் புண்ணை உண்டாக்கலாம். அந்தப் புண் ஆறினாலும் தழும்பு பார்வையை மறைக்கும்.

எனக்கு அதைவிடக் கவலை தருவது ஸ்டீராய்டு கலந்த சொட்டு. நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் ஐந்து வயது தாண்டிய பிள்ளைகளுக்கு, பையன்களுக்கு அதிகமாக, கோடையில் கண் அரிப்போடு வரும் ஒவ்வாமை நோய் உண்டு. ஸ்டீராய்டு விட்டால் இரண்டே நாளில் அரிப்பு அடங்கும். அதனால் அடுத்த கோடையில் அதே குப்பியின் பெயரைச் சொல்லிக் கடையில் வாங்குகிறார்கள், மாதக்கணக்கில் விடுகிறார்கள். ஸ்டீராய்டினால் கண் அழுத்தம் ஏறுவது பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்கு வேகமாக நடக்கக்கூடும். வலி இருக்காது, சிவப்பும் இருக்காது. பார்வை நரம்பு தேய்ந்த பிறகுதான் தெரியவரும், தேய்ந்தது திரும்பாது. மருத்துவர் சொன்ன நாளில் நிறுத்துவதும், சொன்ன நாளில் அழுத்தம் பார்க்கப் போவதும் சொட்டு விடுவதைவிட முக்கியம்.

திறந்த குப்பியை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். திறந்த தேதியை லேபிளிலேயே எழுதிவிடுங்கள்.

இப்போது சொட்டு மருந்து ஒரு வாரத்தோடு முடிகிற விஷயமாகவும் இல்லை. கிட்டப்பார்வை ஏறிக்கொண்டே போகும் பள்ளிப் பிள்ளைகளுக்கு, அந்த ஏற்றத்தை மட்டுப்படுத்த மிகக் குறைந்த அடர்த்தி அட்ரோபினை இரவுதோறும் ஒரு சொட்டு, இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு எழுதித் தருகிறார்கள். சோம்பேறிக் கண் உள்ள சில குழந்தைகளுக்கு நன்றாகத் தெரியும் கண்ணில் அட்ரோபின் விட்டு, தெரியாத கண்ணை உழைக்கவைக்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் தினம் ஒருமுறை மல்யுத்தம் நடத்த எந்த வீட்டாலும் முடியாது. முடியாமல் போனால் மருந்துதான் நிற்கும். மூடிய கண்ணில் விட்டுப் பழகிய குழந்தை மெல்ல மெல்ல ஒரு கண்ணைத் திறந்து பார்க்கும், பிறகு கீழிமையைத் தானே இழுத்துக் காட்டும். எட்டு, ஒன்பது வயதில் பல பிள்ளைகள் படுத்தபடி தாங்களே விட்டுக்கொள்கிறார்கள். அப்போதும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்து, ஒரே ஒரு சொட்டுதான் விழுந்ததா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.